அப்பா அம்மாவோட ஹாங்காங்: டாக்ஸி, டூர் வேன் எதுவும் இல்லாம சுத்த முடியுமா?

பாலாறு_கரை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ராணிப்பேட்டை. அப்பா தோல் பதனிடுற ஷாப்ல ஃபினிஷிங் செக்‌ஷன்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டு இப்பதான் ரிட்டையர் ஆனாரு. சரக்கு கட்டி ஹாங்காங்குக்கு அனுப்பிகினே இருந்தவரு, அந்த ஹார்பர ஒரு தடவ நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிகினு இருக்காரு. நவம்பர்ல கூட்டிகினு போறேன், அம்மாவும் வராங்க. வேலூர்ல ஒரு டிராவல்ஸ்ல கேட்டா டிஸ்னிலேண்ட், கேபிள் கார், ஷாப்பிங்னு லிஸ்ட் குடுக்குறாங்க, அப்பாவுக்கு அதுல துளி ஆசை இல்ல, "ஊர நடந்து பாக்கணும், கப்பல் வர்ற எடத்த பாக்கணும், அவ்ளோதான்"ன்றாரு. அம்மா சுத்த சைவம். முட்டி வலி வேற, சமதரையில எவ்ளோ தூரம் வேணா நடப்பாங்க, படிதான் ஆகாது. ரூம் சிம் ஷா சுய் பக்கம் பாத்து வெச்சிருக்கேன், நாலு நாள் முழுசா கிடைக்கும். பஸ், ரயில், நடைன்னே ஓட்டிட முடியுமா? போய் வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஆம்பூர்க்காரன்:
தம்பி தாராளமா முடியும், சொல்லப்போனா அந்த ஊர அப்படித்தான் பாக்கணும். நான் ஷூ அப்பர் பிசினஸ்ல அடிக்கடி போறவன், டாக்ஸி எடுக்குறதே அபூர்வம்.

மொதல்ல பேப்பர் வேலை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், ஆனா கிளம்புறதுக்கு முன்னாடியே அவங்க கவர்மெண்ட் சைட்ல ப்ரீ அரைவல் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டே ஆகணும், ஃப்ரீதான், மூணு பேருக்கும் தனித்தனியா போட்டு ஸ்லிப்ப பிரிண்ட் எடுத்து வெச்சிக்கோங்க. அதுல ஒரு தடவைக்கு 14 நாள் வரைக்கும் தங்கலாம்.

ஏர்போர்ட்ல எறங்கினதும் ஆளுக்கு ஒரு ஆக்டோபஸ் கார்டு வாங்கிடுங்க. ரயில், பஸ், டிராம், ஃபெர்ரி, கடையில தண்ணி பாட்டில் வரைக்கும் அது ஒண்ணே போதும். பஸ்ல காசு போட்டா மீதி சில்லறை தர மாட்டாங்க, அதுக்காகவே கார்டு வேணும்.

ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயில் 24 நிமிஷத்துல ஹாங்காங் ஸ்டேஷன் போயிடும், எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. உங்கப்பாவுக்காக சொல்றேன், அது வேணாம். ஏ21ன்னு ஒரு மாடி பஸ் நேரா சிம் ஷா சுய் மெயின் ரோடான நேத்தன் ரோட்டுக்கே வருது, ரயில விட ரொம்ப சீப். பெட்டிய கீழ ரேக்ல வெச்சிட்டு மாடியில முன் சீட்ல உக்காருங்க, பகல்ல எறங்குற ஃபிளைட்டா இருந்தா இன்னும் நல்லது. சிங் மா பாலம் தாண்டினதும் க்வாய் சுங் கன்டெய்னர் துறைமுகம் வரும், வரிசையா கிரேன், மலை மாதிரி அடுக்கின பெட்டிங்க. 1990கள்ல பல வருஷம் உலகத்துலயே நம்பர் 1 கன்டெய்னர் துறைமுகம் இதுதான். நம்ம பக்கத்து தோலும் ஷூவும் எவ்ளோ இந்த வழியா போயிருக்கும்னு நெனச்சு பாருங்க. உங்கப்பா பாக்கணும்னு கேட்டது அதானே.

அப்புறம் ஸ்டார் ஃபெர்ரி. ரூம்லேர்ந்து நடந்தே துறைக்கு போயிடலாம், அந்தாண்ட ஹாங்காங் தீவுல இருக்குற சென்ட்ரலுக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது, டிக்கெட்டும் ரொம்ப கொஞ்சம்தான். 1888ல இத கவுலூன் ஃபெர்ரி கம்பெனின்னு ஆரம்பிச்சது டொராப்ஜி நவ்ரோஜின்னு ஒரு பார்சிக்காரரு, அப்பா கிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு. படகு திரும்பாமயே ரெண்டு பக்கமும் ஓடும், அதனால சீட்டோட முதுக தள்ளி திருப்பிக்கலாம். காலையில ஒரு தடவ, விளக்கு போட்டப்புறம் ஒரு தடவ போங்க.

எறங்கினா டிராம். 1904லேர்ந்து ஓடுது, மாடி டிராம், எங்க ஏறி எங்க எறங்கினாலும் ஒரே சார்ஜ். பின்பக்கம் ஏறணும், எறங்கும்போது முன்பக்கம் கார்டு தட்டணும். கென்னடி டவுன்லேர்ந்து ஷாவ் கெய் வான் வரைக்கும் மாடி ஜன்னல்ல உக்காந்து போங்க, ஒண்ணரை மணி நேரம் போல ஆகும், கருவாட்டு கடை, பேங்க் பில்டிங், மார்க்கெட், துணி காயப்போட்ட பால்கனின்னு முழு ஊரும் கண்ணு முன்னாடி போகும். அம்மா முட்டிக்கும் ரெஸ்ட்டு.

குடியாத்தம்_டூ_கவுலூன்:
நான் இங்கயே வேலையில இருக்கேன். அண்ணன் சொன்னது எல்லாம் சரி, டிராம் மாடிப்படி மட்டும் ரொம்ப குறுகல், வளைஞ்சு ஏறும், அம்மாவ வண்டி நின்னிருக்கும்போதே ஏத்துங்க, நீங்க பின்னாடியே போங்க. முடியலன்னா கீழயே உக்காரலாம்.

படி விஷயத்துல இந்த ஊர லேசா எடுத்துக்காதீங்க, சென்ட்ரல்ல ரோட்டுக்கு பின்னாடி ரெண்டு தெரு போனா சோளிங்கர் மலை ஏறுற மாதிரிதான். 1993லேர்ந்து அங்க தெருவிலயே எஸ்கலேட்டர் ஓடுது, 800 மீட்டர் நீளம். எல்லாரும் போங்கன்னு சொல்லுவாங்க, ஆனா காலையில 10 மணி வரைக்கும் அது எறங்க மட்டும்தான், அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் ஏற மட்டும்தான். மத்தியானம் மேல போயிட்டா திரும்பி படியிலதான் எறங்கணும், முட்டி வலிக்கு எறங்குறதுதான் ரொம்ப கஷ்டம். அதனால காலையில பஸ்ல மேல போயி 10 மணிக்குள்ள எஸ்கலேட்டர்லயே எறங்கி வாங்க. வழியில ஷெல்லி ஸ்ட்ரீட்ல பழைய ஜாமியா மசூதி இருக்கு, அமைதியான எடம்.

பீக்னு ஒரு மலை உச்சி இருக்கு, அதுக்கு போற பீக் டிராமுக்கு பெரிய கியூ நிக்கும். 15ம் நம்பர் மாடி பஸ்ல போங்க, வளைஞ்சு வளைஞ்சு ஏறும், ஹார்பர் கீழ தெரிஞ்சுகினே வரும். மேல லுகார்ட் ரோடுன்னு மரத்து நிழல்ல ஒரு நடை பாதை, பெரும்பாலும் சமதரை, அம்மா நடப்பாங்க.

அப்பாவ ஷாம் ஷுய் போ கண்டிப்பா கூட்டிகினு போங்க, சிம் ஷா சுய்லேர்ந்து மெட்ரோ ரெட் லைன்ல அஞ்சாவது ஸ்டேஷன். டாய் நான் ஸ்ட்ரீட் முழுக்க தோல் கடைங்க, சின்ன சின்ன பீஸா வெட்டி கலர் கலரா வெச்சிருப்பாங்க, டூல்ஸ், நூல், பக்கிள் எல்லாம் கிடைக்கும். முப்பது வருஷம் தோல தொட்டவரு, அவர அங்கேர்ந்து கிளப்புறது கஷ்டம், பாதி நாள் ஒதுக்கிடுங்க.

சாப்பாடு: "இறைச்சி வேணாம்"னு மட்டும் சொன்னா பத்தாது, காய்லயே ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பி சாஸ் ஊத்திடுவாங்க. நேத்தன் ரோடு சுங்கிங் மேன்ஷன்ஸ் பில்டிங்ல நம்ம ஊர் சாப்பாடு கிடைக்கும், ஆனா டைமண்ட் ஹில் ஸ்டேஷன்ல எறங்கி சீ லின் மடத்துக்கு போங்க. ஆணி அடிக்காம மரத்தாலயே கட்டின கோயில், பக்கத்துல நான் லியான் தோட்டம், உள்ளயே சுத்த சைவ ஹோட்டல். பெரும்பாலும் சமதரை, அம்மாவுக்கு இதுதான் ரொம்ப புடிக்கும்.

சத்துவாச்சாரி_சைக்கிள்:
எல்லா மெட்ரோ ஸ்டேஷன்லயும் பொது டாய்லெட் இருக்காது, வயசானவங்களோட போறப்ப மால் எங்க இருக்குன்னு பாத்து வெச்சிக்கோங்க. எந்த எக்ஸிட்ல லிஃப்ட்னு போர்டுல போட்டிருக்கும், அத பாக்காம வெளிய வந்தா சுத்தி நடக்கணும்.

பாலாறு_கரை:
ரொம்ப ரொம்ப நன்றி. டாய் நான் ஸ்ட்ரீட் பத்தி அப்பா கிட்ட படிச்சு காட்டினேன், "அங்கதான் மொதல்ல"ன்றாரு. நாலாவது நாள் இன்னும் காலியா இருக்கு. கப்பல கிட்டக்க பாக்குற மாதிரி எதனா இருக்கா?

ஆம்பூர்க்காரன்:
இருக்கு தம்பி. சென்ட்ரல் 5ம் நம்பர் துறையிலேர்ந்து சுங் சாவ் தீவுக்கு ஃபெர்ரி போவுது. ஃபாஸ்ட் வேணாம், ஆர்டினரி எடுங்க, ஒரு மணி நேரம் போல ஆகும். மாடியில டீலக்ஸ் டிக்கெட் வாங்கினா பின்பக்கம் தெறந்த டெக்ல நிக்கலாம், நங்கூரம் போட்ட சரக்கு கப்பல், பார்ஜ் எல்லாத்தையும் தாண்டித்தான் போகும். தீவுல கார் கிடையாது, அம்மா பயமில்லாம நடக்கலாம். ஞாயித்துக்கிழம மட்டும் போகாதீங்க, கூட்டம் தாங்காது.

பாலாறு_கரை:
அப்ப புதன்கிழம வெச்சிக்கிறேன் அண்ணே. ரெஜிஸ்ட்ரேஷன் இன்னிக்கு ராத்திரியே போட்டுடறேன்.