கோயில் ஃபோல்டருக்குள்ள மட்டும் சிடி போகல, அவசரம்!

பட்டர்வொர்த்வாசி: டெர்மினல்ல சிடி (ஃபோல்டருக்குள்ள போற கட்டளை) கோயில்னு அடிச்சா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ங்குது. உள்ள இருக்கிறதைப் பட்டியல் போடுற எல்எஸ் அடிச்சா கண்ணு முன்னாடியே இருக்கு. தைப்பூசப் படமெல்லாம் அதுலதான், நாளைக்குக் கமிட்டிக்குக் கொடுக்கணும் லா.

ஜெலுத்தோங்77: பேர்ல இடைவெளி இருக்கும். மேற்கோள் குறிக்குள்ள போடுங்க.

பிறை_ரூட்: எந்த லினக்ஸ்? நிக்கிற இடத்தைக் காட்டுற பிடபிள்யூடி அடிச்சா என்ன வருது? அடிச்ச வரியை அப்படியே ஒட்டத் தெரியாதா? முன்னாடி / போட்டிருப்பீங்க. போட்டா வேர் அடைவுலதான் தேடும். இது முதல் பாடம் தம்பி.

பட்டர்வொர்த்வாசி: உபுண்டு. இடைவெளி இல்ல, / போடல. 'பினாங்கு'க்குள்ள சிடி போகுது, அதுக்குள்ள இருக்கிற 'கோயில்'தான் வரல.

ஜெலுத்தோங்77: அப்ப பர்மிஷன். சூடோ (அட்மின் அதிகாரம்) சேர்த்து சூடோ சிடி அடிங்க.

பிறை_ரூட்: பர்மிஷன்னா "பர்மிஷன் டினைட்"னு வரும். சிடி, நாம அடிக்கிறதை வாங்கி ஓட்டுற ஷெல்லுக்குள்ளேயே இருக்கிற கட்டளை, சூடோவுக்கு அது கிடைக்காது. தெரியாம சொல்லாதீங்க.

ஆயர்ஈத்தாம்_அக்கா: படம் மேக்ல இருந்து ஜிப்பா வந்ததா?

பட்டர்வொர்த்வாசி: ஆமாக்கா, பழைய மேக்.

ஆயர்ஈத்தாம்_அக்கா: அதான். யூனிகோடுல (கணினி எழுத்துக் குறியீட்டு முறை) 'ோ'வை ஒரே குறியாவும் எழுதலாம், 'ே' + 'ா'ன்னு ரெண்டாவும் எழுதலாம். பழைய மேக் ரெண்டாப் பிரிச்சு வைக்கும், உங்க விசைப்பலகை ஒண்ணாத் தருது. பார்க்க ஒண்ணுதான், ஆனா லினக்ஸ் உள்ள சேமிச்சிருக்கிற பைட்டை மட்டுமே ஒப்பிடும்.

'பினாங்கு'க்குள்ள நின்னு இதை அடிங்க:
எல்எஸ் -டி க* | டபிள்யூசி -சி
இது பேர்ல எத்தனை பைட்னு எண்ணும். 22 வந்தா பிரிஞ்சது, 19 வந்தா சேர்ந்தது. வரி முடிவுக்கு ஒரு பைட் சேர்த்த கணக்கு.

உள்ள போக சிடி க மட்டும் அடிச்சு டேப் அழுத்துங்க. 'கோ' வரை அடிச்சா டேப் வேலை செய்யாது, பைட் அங்கதான் மாறுது. பேரையே நிரந்தரமா மாத்த:
எம்வி க* கோயில்
'க'வுல வேற எதுவும் இருந்தா க* அதையும் பிடிச்சுக்கும், முதல்ல எல்எஸ் -டி க* பாருங்க.

ஜெலுத்தோங்77: இதுக்குத்தான் தமிழ்ல பேரே வைக்கக் கூடாது.

ஆயர்ஈத்தாம்_அக்கா: 'பினாங்கு' எந்த மொழி அண்ணே? அது போச்சே. தமிழ்ல இந்தச் சிக்கல் ஔ, ொ, ோ, ௌ நாலுக்குத்தான். பிரெஞ்சுக்காரனுக்கும் தலைக்கு மேல குறி போட்ட எழுத்துல இதே கதை.

பிறை_ரூட்: சர்வர்ல ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேற எதுவும் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆயர்ஈத்தாம்_அக்கா: அவர் வச்சிருக்கிறது படம், சர்வர் இல்ல.

பட்டர்வொர்த்வாசி: 22 வந்துச்சு. டேப்ல போயிட்டேன், நன்றிக்கா. உள்ள இன்னும் நிறைய ஃபோல்டர் அதே மாதிரி இருக்கு.

ஆயர்ஈத்தாம்_அக்கா: பேரை மொத்தமா மாத்துற கான்வ்எம்வி நிறுவிக்குங்க. -எஃப் (ஃப்ரம்), -டி (டு) ரெண்டுக்கும் யுடிஎஃப்8, கூட --என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) -ஆர் (உள்ள இருக்கிறதுக்கும்), கடைசியா ஃபோல்டர் பேர். அப்படியே ஓட்டினா என்ன மாறும்னு மட்டும் காட்டும். சரியா இருந்தா --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்க.

ஜெலுத்தோங்77: ஃபைல் மேனேஜர்ல ரெண்டு கிளிக்ல முடிஞ்சிருக்கும்.

பிறை_ரூட்: ஆரம்பிச்சாச்சு.