திறந்த காலநிலைத் தரவுகளும் யாழ்ப்பாணமும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கோ

செம்பாட்டான்

வணக்கம். உலகம் முழுவதற்குமாக இலவசமாக வெளியிடப்படும் மழை, வெப்பநிலை, செய்மதிப் படத் தரவுகளை எங்கள் குடாநாட்டுக்காக எடுத்துப் பயன்படுத்தியவர்கள் இங்கே எழுதுங்கோ. எங்கே எடுக்கலாம் என்ற பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் வேண்டும்.

நானே தொடங்குகிறேன். வெங்காயச் செய்கைக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க ஈஆர்ஏ5 தரவை எடுத்தேன். ஐரோப்பிய வானிலை மையமான ஈசிஎம்டபிள்யூஎஃப் தருவது, கிடைத்த அளவுகளைக் கணினி மாதிரிக்குள் போட்டுப் பழைய வானிலையைத் திரும்பக் கட்டியது. 1940 முதல் இன்றுவரை மணித்தியாலக் கணக்கில் வெப்பம், காற்று, அமுக்கம் எல்லாம் இருக்கிறது. கோப்பாயில் தோட்டம் செய்பவர்களிடம் வரைபடத்தைக் காட்டினேன். "தம்பி, வைகாசி மத்தியானம் இவ்வளவு குளிரோ?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஈஆர்ஏ5இன் ஒரு கட்டம் கால் பாகை, அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். எங்கள் நிலம் இருக்கிற அகலத்துக்கு, எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதற்குள் பாக்கு நீரிணையோ கடனீரேரியோ வந்துவிடும். கடலும் தரையும் கலந்த சராசரிதான் கையில் கிடைக்கும். அதில் பகல் வெப்பம் குறையும், இரவு வெப்பம் கூடும்.

தரை எது கடல் எது என்று விகிதம் சொல்லும் கோப்பு ஒன்று அதே இடத்தில் இருக்கிறது. எடுப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கோ. ஈஆர்ஏ5-லாண்ட் என்ற இன்னொரு தொகுதி 9 கிலோமீற்றர்க் கட்டங்களில் 1950 முதல் கிடைக்கிறது. அது பரவாயில்லை. ஆனால் அதற்குள் போகும் வானிலையும் ஈஆர்ஏ5இலிருந்துதான் வருகிறது, கட்டம் சின்னதாகிவிட்டதே என்று நம்பிவிட வேண்டாம்.

வழுக்கையாறு

அண்ணை, வெப்பநிலை பரவாயில்லை. மழை அதைவிடக் குழப்படி.

அளவெட்டியில் என் மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். வளவில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். காலை 8.30க்கு அளந்து கொப்பியில் எழுதுவார், காய்ச்சல் என்றாலும் மாமியை அனுப்பி அளப்பிப்பார். அந்தக் கொப்பியையும் நாசாவின் ஐமெர்க் மழைத் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐமெர்க் பத்தில் ஒரு பாகைக் கட்டத்தில் அரை மணிக்கு ஒரு முறை மழை தருகிறது. மாதக் கூட்டுத்தொகை நன்றாகவே பொருந்தியது. நாள் கணக்கு பொருந்தவேயில்லை. மாமா 60 மில்லிமீற்றர் எழுதிய நாளில் செய்மதி வெறும் தூறல் காட்டும், அதற்கு முதல் நாள் கொட்டித் தள்ளும்.

காரணம் மணிக்கூடு. எங்கள் நாட்டில் மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஐமெர்க்கின் நாள் கோப்பு கிரீனிச் நேரத்தில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, எங்களுக்கு அது அதிகாலை 5.30. மாரியில் இடியோடு வரும் மழை பாதி இரவு கடந்து விடியும்வரை பெய்தால், அந்த மூன்று மணித்தியாலமே கணக்கைக் குலைத்துவிடும். இன்னொன்று, காலையில் அளந்ததை மாமா அன்றைய திகதியிலேயே எழுதுகிறார், பெய்தது பெரும்பாலும் முதல் நாள். ஆகவே நாள் கோப்பை விட்டுவிட்டு அரை மணிக் கோப்புகளை எடுத்து, கிரீனிச் நேரம் 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணிவரை கூட்டினேன். அரை மணிக் கோப்பில் இருப்பது மணிக்கு இத்தனை மில்லிமீற்றர் என்ற வேகம், அதைப் பாதியாக்கித்தான் கூட்ட வேண்டும். அப்படிச் செய்து, மாமாவின் திகதியையும் முதல் நாளுக்கு மாற்றிய பிறகு இரண்டும் கதைக்கத் தொடங்கின.

சிர்ப்ஸ் என்ற மழைத் தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில், சாண்டா பார்பராப் பல்கலைக்கழகத்தில் செய்வது. 1981 முதல் இருக்கிறது, கட்டமும் சின்னது, 0.05 பாகை. ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அது செய்மதியையும் தரையில் உள்ள மழை நிலையங்களையும் கலந்து செய்வது. வடக்கில் போர்க்காலத்தில் நிலையப் பதிவுகள் அறுந்து அறுந்து கிடக்கின்றன. நிலையம் இல்லாத மாதங்களில் செய்மதியின் ஊகம்தான் மிஞ்சும், திரும்ப நிலையம் சேரும்போது அளவு சற்று நகரும். அந்த நகர்வைப் பார்த்து "யாழ்ப்பாணத்தில் மழை கூடுகிறது" என்று எழுதிவிடலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். எந்த மாதத்துக்கு எத்தனை நிலையங்கள் சேர்ந்தன என்று நாடுவாரியாக அவர்களே கோப்பு போடுகிறார்கள். போக்கு வரைவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கோ.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்த நாளுக்கு மாமாவின் கொப்பியில் எண்ணே இல்லை. "மானி நிரம்பி வழிந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறார். செய்மதி ஓர் எண் தருகிறது, ஆனால் அதைச் சரி என்றோ பிழை என்றோ சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நிலாவரை

ஒரு கேள்வி. நிலத்தடி நீர் பற்றிச் செய்யப் போகிறேன். கிரேஸ் செய்மதித் தரவு எடுக்கலாமா? இந்தியாவில் எல்லாரும் அதை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

உப்பாறு

வேண்டாம் பிள்ளை. கிரேஸ் 2002இல் போனது, 2017இல் முடிந்தது, 2018இல் அதன் வாரிசு போனது. ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் இரண்டு செய்மதிகளுக்கு இடையிலான தூரம் மாறுவதை வைத்துப் பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை அளந்து, அதிலிருந்து நீரின் கூடல் குறைவைச் சொல்கிறது. அபாரமான வேலை. ஆனால் அதன் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 300 கிலோமீற்றர் அகலமான பரப்பு. இலங்கை முழுவதுமே 65,610 சதுர கிலோமீற்றர்தான். குடாநாடு ஏறத்தாழ ஆயிரம். நெல் நிறுக்கும் தராசில் பவுண் நிறுக்கிற மாதிரி. இணையத்தில் அது கால் பாகைக் கட்டங்களாகக்கூடக் கிடைக்கும், அந்தக் கட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வட இந்தியாவில் அது நன்றாக வேலை செய்கிறது. பரப்பும் பெரிது, இறைப்பும் பெரிது. எங்களுக்கு வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று சுண்ணாம்புக் கல்லுக்குள் நாலு தனித்தனி நீர்ப்படுகைகள். கல்லில் வெடிப்பும் குகையும். ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர், நாலு வளவு தள்ளி உவர். இதற்குச் செய்மதி இல்லை. கயிறும் அளவு நாடாவும் கொண்டு கிணறு கிணறாகப் போவதுதான் வழி.

பழைய கிணற்று அளவுகளுக்காக ஒரு கந்தோருக்குப் போனேன். தர மாட்டோம் என்று சொல்லவில்லை. கடிதம் கொண்டுவா, அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம் கொண்டுவா என்று அலைத்து, கடைசியில் ஒரு கட்டு ஃபோட்டோக்கொப்பி தந்தார்கள். நைத்திரேற்று அளவெல்லாம் நேர்த்தியாக இருக்கிறது, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியவற்றுக்குச் சிவப்புக் கோடும் போட்டிருக்கிறார்கள். கிணறு எங்கே என்பதற்கு மட்டும் "கோயிலடிக் கிணறு", "சங்கக்கடைக்குப் பின்". எந்தக் கோயில்? சங்கக்கடை இப்போது எங்கே? ஊர் ஊராக விசாரித்து, தெரிந்தவற்றுக்கு மட்டும் ஆள்கூறு போட்டேன். மிச்சம் இன்னும் கட்டில்தான்.

பனங்கூடல்

எனக்கு நல்ல அனுபவமும் இருக்கிறது, சிரிப்பான அனுபவமும் இருக்கிறது.

நல்லது முதலில். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழைக்குப் பிறகு வெள்ளம் எங்கெங்கே நின்றது என்று பார்க்க ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்களை எடுத்தேன். அது ரேடார், முகிலைத் துளைத்துப் பார்க்கும். எங்கள் மாரிக்கு அதுதான் சரி. சாதாரணக் கமரா மாதிரிப் படம் எடுக்கும் சென்டினல்-2 எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வெள்ளம் நிற்கிற கிழமையில் முகிலைத்தான் காட்டும். ரேடார்ப் படத்தில் அசையாத தண்ணீர் கறுப்பாக விழும். ஆனால் நீர் கட்டிய வயலும் கறுப்பு, கடனீரேரியும் கறுப்பு. ஆகவே ஆவணி மாதப் படம் ஒன்றை எடுத்து ஒப்பிட்டேன். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 1984 முதலான அமெரிக்க லாண்ட்சாட் செய்மதிப் படங்களை வைத்து உலகின் நீர்ப்பரப்புகளை வரைந்து வெளியிட்டிருக்கிறது, அதையும் கழித்தேன். மிஞ்சியதில் வயல்வெளி, தரவை நிலம் எல்லாம் ஓரளவு சரி. ரவுணுக்குள் வீடுகளுக்கிடையே நின்ற வெள்ளத்தை மட்டும் அது காணவில்லை. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை அங்கே எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும்.

சிரிப்பு இதுதான். கடல் மட்டம் ஒரு மீற்றர் உயர்ந்தால் எது மூழ்கும் என்று ஒரு வரைபடம் கேட்டார்கள். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை எடுத்தால், தீவுப் பகுதியில் நடுவில் குன்று குன்றாகத் தெரிந்தது. எங்கே ஐயா எங்களுக்குக் குன்று? நேரே போய்ப் பார்த்தால் பனங்கூடல்! அந்த ரேடார் பனைக்கும் கொஞ்சம் உயரம் சேர்த்துத்தான் தந்திருக்கிறது. அதன் பிழையே பல மீற்றர். பல மீற்றர் பிழையுள்ள தரவில் ஒரு மீற்றர்க் கோடு வரைய முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை, வேறு ஒருவரிடம் வரைபடத்தை வாங்கிக்கொண்டார்கள். நிறமெல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது.

தொண்டைமானாறு

பறவைப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன விசயம். பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பட்டியலாகப் போடும் ஈபேர்ட் தளத்தில் சேரும் பதிவுகள், உலக உயிரினப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஜிபிஐஎஃப் வழியாக எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. சுண்டிக்குளம், மண்டைதீவு, எங்கள் தொண்டைமானாறு என்று எடுத்து ஆண்டுவாரியாக வரைந்தால், போர் முடிந்த பிறகு பறவை பெருகிய மாதிரிக் கோடு ஏறும். ஏறியது பறவை அல்ல, தொலைநோக்கியோடு வந்த ஆட்கள். அதிலும் தார் ரோட்டோரம்தான், சனி ஞாயிறில்தான். எத்தனை பட்டியலில் எத்தனையில் அந்தப் பறவை வந்தது என்று விகிதம் எடுத்தால்தான் கொஞ்சமாவது நம்பலாம்.

வாடைக்காற்று

நான் பருத்தித்துறை, இப்போது பேரப்பிள்ளைகளோடு. கணினி எனக்கு ஓடாது, மருமகள் செய்து தந்தாள்.

1964 டிசம்பர் 22, 23இல் அடித்த புயலைக் கண்டவன் நான். தனுஷ்கோடி அழிந்த அதே புயல். ஐபிட்ராக்ஸ் என்று அமெரிக்கர்கள் உலகப் புயல்களின் பாதையை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். அதில் அந்தப் புயலின் கோடு இலங்கையின் வடக்கைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் போகிறது. அதே நாளுக்கு ஈஆர்ஏ5 காற்றையும் மருமகள் போட்டுக் காட்டினாள். இவ்வளவுதானா காற்று என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அதற்குள் போடச் செய்மதி அளவுகள் இல்லை மாமா, கட்டமும் பெரிது, அதனால் புயலின் நடுப்பகுதி மழுங்கித்தான் தெரியும் என்றாள். திசை திரும்பிய ஒழுங்கு மட்டும் என் ஞாபகத்தோடு ஒத்துப் போனது.

வழுக்கையாறுத் தம்பி, உம்முடைய மாமாவின் கொப்பியைப் பூச்சி தின்ன விடாமல் எங்காவது போடலாமே?

வழுக்கையாறு

ஓம் ஐயா, அதைத்தான் கேட்க வந்தேன். படம் பிடித்துத் தட்டச்சும் தொடங்கிவிட்டேன். மாமாவுக்குச் சம்மதம். வீட்டு விலாசம் போடாதே, ஊரைப் போடு என்கிறார். எங்கே பதிவேற்றுவது?

உப்பாறு

செனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் போடுங்கோ. ஐரோப்பாவின் அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துவது, இலவசம், நிரந்தர அடையாள எண்ணும் தரும், பிறகு யாரும் மேற்கோள் காட்டலாம். கொப்பிப் படங்களையும் சேர்த்தே போடுங்கோ. அளந்த நேரம் 8.30 என்பதையும் திகதி எந்த நாளுக்குரியது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கோ.

வழுக்கையாறு

பழைய கொப்பிகளில் அளவு அங்குலத்தில் இருக்கிறது. மாற்றிப் போடவா?

உப்பாறு

அங்குலத்தை அப்படியே ஒரு நிரலில் வையுங்கோ. பக்கத்தில் 25.4ஆல் பெருக்கி மில்லிமீற்றரைப் போடுங்கோ. மானி வழிந்த நாளுக்குப் பூச்சியம் போட்டுவிடாதையுங்கோ, வெறுமையாக விட்டுக் குறிப்பில் எழுதுங்கோ.