22 மாதக் குழந்தை, எட்டு மாதமாக வயிறு சரியில்லை. இன்னும் எதைத்தான் நிறுத்துவது?

ஈரோட்டு அம்மா:

வணக்கம். என் மகளுக்கு 1 வயது 10 மாதம். முதல் பிறந்தநாள் முடிந்து ஓரிரு மாதத்தில் ஆரம்பித்தது, இன்று வரை வயிறு சரியாகவே இல்லை. ஒரு நாளைக்கு நான்கு ஐந்து முறை போகிறாள், கூழ் மாதிரி, வெளிறிய நிறத்தில், அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை, துணியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு அலசினாலும் போகாது. வயிறு மட்டும் பானை போல உப்பி இருக்கிறது, கை கால் குச்சி. முன்பு சிரித்துக்கொண்டே இருந்த குழந்தை இப்போது நாள் முழுக்கச் சிணுங்குகிறாள், இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை.

முதலில் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பசும்பாலை நிறுத்தி ஆட்டுப்பாலுக்கு மாறினோம், பிறகு அதையும் விட்டுவிட்டோம். அப்புறம் முட்டை சூடு என்று முட்டையை நிறுத்தினோம். பருப்பு வாயு, வாழைப்பழம் சளி, இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்ல எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. அத்தை இரண்டு முறை தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். போன மாதம் ஒரு லேப்பிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, 11 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒத்துக்கொள்ளாத உணவுகள் என்று 27 பெயர்களைச் சிவப்பில் போட்டு அனுப்பினார்கள். அதில் அரிசி, கேரட்கூட இருக்கிறது! கோதுமையும் இருந்ததால் பத்து நாளாகச் சப்பாத்தி, பிரெட், பிஸ்கட் எல்லாம் நிறுத்தியிருக்கிறேன். பெரிய மாற்றம் தெரியவில்லை.

இப்போது அவள் சாப்பிடுவது இட்லி, ரசம் சாதம், காலையும் மாலையும் சத்துமாவுக் கஞ்சி. அவ்வளவுதான். பிறந்தநாள் அன்று 9 கிலோ இருந்தாள், நேற்று 9.2. இனிமேல் எதை நிறுத்த வேண்டும், பாலே இல்லாமல் கால்சியத்துக்கு என்ன செய்வது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இரவு தூக்கமே இல்லை எனக்கு.

இரண்டு வாண்டுகளின் அப்பா:

சகோதரி, எங்கள் பெரியவனுக்கு இரண்டு வயதில் கிட்டத்தட்ட இதே கதை. ஒரு நாளைக்கு ஆறு முறை போவான், சாப்பிட்ட கேரட்டும் பட்டாணியும் அப்படியே முழுசாக வெளியே வரும். பயந்துபோய் ஓடினோம். டாக்டர் அவன் எடையைப் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார், இரவில் எழுந்து போகிறானா என்று கேட்டார். போகமாட்டான், காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆக ஆகத் தண்ணீராகும். அப்புறம் என்னவெல்லாம் குடிக்கிறான் என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டோம். டப்பா ஜூஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தாத்தா வாங்கித் தருவார், நாங்களும் பழம்தானே என்று விட்டுவிட்டோம். அதற்கு மேல், வயிறு சரியில்லையே என்று நெய்யையும் எண்ணெயையும் வேறு நிறுத்தி வைத்திருந்தோம்.

நடக்கத் தொடங்கிய வயதுக் குழந்தைகளுக்கு வரும் சாதாரண வயிற்றுப்போக்குதான் இது என்றார். பழச்சாற்றின் சர்க்கரை சின்னக் குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது, கொழுப்பே இல்லாத சாப்பாடு குடலில் நிற்காமல் வேகமாக ஓடிவிடுகிறது. ஜூஸை நிறுத்திவிட்டு முழுப் பழமாகக் கொடுத்தோம், சாதத்தில் நெய் திரும்ப வந்தது, மூன்று வாரத்தில் இரண்டு முறையாகக் குறைந்தது. மருந்தே கிடையாது.

ஆனால் ஒன்று. அந்த நாட்களிலும் எங்கள் பையன் எடை ஏறிக்கொண்டேதான் இருந்தான், ஓடி ஆடி வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தான். நீங்கள் எழுதிய எடையைப் பார்த்த பிறகு உங்கள் பாப்பாவுக்கும் இதுதான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

செங்கல்பட்டு அக்கா:

பால் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் ஒரு வருடம் வீணாக்கினோம்.

என் மகனுக்கு 14 மாதத்தில் வாந்தியும் பேதியும் வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் பால் குடித்த அரை மணி நேரத்தில் சத்தத்தோடு நுரை நுரையாகப் போகும், புளித்த வாடை, பின்புறம் வெந்து சிவந்துவிடும். கடுமையான பேதிக்குப் பிறகு குடலின் உள்பக்கத் தோல் தேய்ந்துவிடுமாம், பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதி அந்தத் தோலின் நுனியில்தான் இருக்கிறதாம், தோல் திரும்ப வளரும்வரை பால் செரிக்காது. இது தற்காலிகம். சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் டாக்டர் சொன்னார், 14 நாளுக்குத் துத்தநாக மருந்தும் எழுதிக்கொடுத்தார், தயிர் கொடுக்கலாம் என்றும் சொன்னார், தயிரில் பாதி வேலையைப் பாக்டீரியாவே முடித்துவிடுகிறது அல்லவா. நாங்கள்தான் பயத்தில் ஒரு வருடம் பால், தயிர், மோர் எதுவும் கண்ணில் காட்டவில்லை. கடைசியில் கொடுத்துப் பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை.

ஆட்டுப்பாலுக்கு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். பால் சர்க்கரைதான் பிரச்சினை என்றால் அது ஆட்டுப்பாலிலும் இருக்கிறது. பால் புரதம் அலர்ஜி என்றாலும் ஆட்டுப்பால் புரதம் பசும்பால் புரதத்துக்கு மிக நெருக்கம், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டுமே ஒத்துக்கொள்ளாது. ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் இந்த மாற்றத்தில் பயன் இல்லை. நிஜமாகவே பால் நிறுத்த வேண்டியிருந்தால் ராகி, எள், முருங்கைக்கீரை என்று கால்சியத்துக்கு வழி இருக்கிறது, போதவில்லை என்றால் டாக்டர் சிரப் தருவார். அதைவிட, நிறுத்தத்தான் வேண்டுமா என்பது முதலில் தெரியட்டும்.

ஓய்வுபெற்ற செவிலி:

தஞ்சை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். கண்ணு, தொக்கம் எடுப்பதை இத்தோடு விட்டுவிடு. வாயில் விரலை விட்டு, ஊதி உறிஞ்சி, ஏதோ எடுத்ததாகக் காட்டுவார்கள். தொண்டை கிழிந்து வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அத்தையிடம் சண்டை வேண்டாம், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ, டாக்டர் சொல்வதை நேரில் கேட்டால் பாதி பிரச்சினை தீரும்.

தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப்போ. அங்கன்வாடியில் எடை போட்டிருந்தால் அதுவும் அதில் இருக்கும். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பிள்ளை இரண்டு இரண்டரைக் கிலோ ஏறவேண்டும். பத்து மாதத்தில் 200 கிராம் என்பதை எந்த டாக்டரும் தள்ளிவிட மாட்டார், நீ அந்த எண்ணை வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டும். பலர் பேதி பேதி என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து வாங்கி வந்துவிடுகிறார்கள்.

பூச்சி மருந்து கொடுத்தாயா? ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு அரசுக் கணக்கில் அரை மாத்திரை, 200 மில்லிகிராம் அல்பெண்டசோல், இரண்டு வயதுக்கு மேல் முழு மாத்திரை. ஆனால் ஜியார்டியா என்ற கிருமி இருந்தால் அந்த ஒரு வேளை மருந்து போதாது, மலப் பரிசோதனை செய்துதான் பார்க்க வேண்டும். அதற்கும் வயிறு உப்பும், மலம் பிசுபிசுக்கும், நாறும். ரத்தம் கலந்து போனாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, கண் குழிந்து சிறுநீர் குறைந்தாலோ பதிலுக்காக இங்கே காத்திருக்காதே, உடனே கிளம்பு.

கோதுமை இல்லாத வீடு:

உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் மகளின் இரண்டாவது வயதை யாரோ எழுதியது போல இருந்தது. உப்பிய வயிறு, சூம்பிய கால், ஒட்டும் மலம், சிணுங்கல், ஏறாத எடை. எங்களுக்கு அது சீலியாக் நோய் என்று கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. உங்கள் குழந்தைக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அதற்குப் பரிசோதனை செய்யாமல் இருக்கக்கூடாது என்று அடித்துச் சொல்வேன்.

இது அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் உள்ள குளுட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் குடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் மாதிரியான பகுதிகள் தட்டையாகிவிடும், அப்புறம் என்ன ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. வட இந்தியாவில் அதிகம், அங்கே மூன்று வேளையும் ரொட்டி. நம் பக்கம் குறைவு, அதனாலேயே பலருக்கு இந்த நினைப்பு வருவதில்லை. எங்களுக்கு இரும்புச்சத்து சிரப் ஆறு மாதம் கொடுத்தும் ரத்தம் ஏறாமல் இருந்ததைப் பார்த்துத்தான் நான்காவதாகப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகமே வந்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்தச் சத்துமாவில் என்ன என்ன போட்டு அரைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அம்மா 18 தானியம் போட்டு அரைத்து அனுப்புவார், அதில் சம்பா கோதுமையும் பார்லியும் உண்டு. பேத்தி தேறவேண்டும் என்று அதை இரண்டு வேளை ஊட்டினோம். எதைக் கொடுத்தால் தேறுவாள் என்று நம்பினோமோ அதுதான் அவளை வாட்டியது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு அழுகை வரும்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தப் பரிசோதனையில் தெரியும். நிறுத்திப் பல வாரம் கழித்து எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம், அப்புறம் குழந்தையை மறுபடி கோதுமை சாப்பிட வைத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

அந்த 27 உணவு ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கும் பரிசோதனையாகத்தான் இருக்கும், ரிப்போர்ட்டில் பாருங்கள். அது நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு உடம்பில் இருக்கும் சாதாரண அடையாளத்தைக் காட்டுவது, ஒத்துக்கொள்ளாமையைக் காட்டுவது இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவ அமைப்புகளே இதை வைத்து உணவை நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கின்றன. அரிசியும் கேரட்டும் அதில் வந்ததற்குக் காரணம் அவள் தினமும் அதைச் சாப்பிடுவதுதான்.

ஈரோட்டு அம்மா:

கோதுமை இல்லாத வீட்டு அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு சத்துமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். கம்பு, ராகி, பொட்டுக்கடலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அரைக் கிலோ கோதுமை, கால் கிலோ பார்லி என்றார். முதல் பிறந்தநாளுக்கு அப்புறம்தான் இந்த மாவை ஆரம்பித்தோம். சப்பாத்தியை நிறுத்திய பத்து நாளும் தினமும் இரண்டு வேளை கோதுமைதான் ஊட்டியிருக்கிறேன். மாற்றம் இல்லை என்று எழுதினேனே, நிறுத்தவே இல்லையே.

கோயம்புத்தூரில் குழந்தைகள் குடல் நோய் டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு நேற்றுதான் வந்தோம். செவிலி அம்மா சொன்னபடி எடையைத்தான் முதலில் சொன்னேன். அவர் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார், பிறந்ததிலிருந்து ஒரே கோட்டில் ஏறி வந்தது ஒரு வயதுக்குப் பிறகு படுத்துவிட்டது, அத்தையே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மலப் பரிசோதனை, ரத்த அளவு, தைராய்டு, சீலியாக் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சத்துமாவைப் பற்றிச் சொன்னதும், பரிசோதனைக்கு அது நல்லதாகப் போயிற்று, ரிசல்ட் வந்து நான் சொல்லும்வரை அதை நிறுத்தாதீர்கள் என்றார். தெரிந்தே ஊட்டுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஊட்டுகிறேன்.

முட்டையையும் பருப்பையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்கச் சொன்னார், ஒரு உணவை மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. இன்று காலை பாதி முட்டை. எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாளை மறுநாள் ரத்தம் எடுக்கிறோம்.

கோதுமை இல்லாத வீடு:

அந்தப் பாதி முட்டையைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ரத்தம் எடுக்கப் போகும்போது சீட்டில் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற சீலியாக் பரிசோதனையோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள். சில குழந்தைகளுக்கு உடம்பில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருளே குறைவாக இருக்கும், அப்போது முதல் பரிசோதனை மட்டும் பார்த்தால் ஒன்றுமில்லை என்று வந்துவிடும். வெறும் வயிறு தேவையா என்று லேப்பிலேயே கேட்டுவிடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள், கையைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்தால் நரம்பு சீக்கிரம் கிடைக்கும். இருக்கிறது என்று வந்தால் பெருங்காயத்தில்கூட மைதா கலந்திருக்கும், மாவு மில்லில் கோதுமை அரைத்த கல்லில் நம் மாவை அரைக்கக்கூடாது, இப்படி நிறைய இருக்கிறது, அதையெல்லாம் அப்போது உட்கார்ந்து பேசுவோம். இப்போதைக்கு, முட்டைக்கு மூன்று நாள் முடிந்ததும் அவளுக்கு அடுத்த மூன்று நாளுக்குப் பருப்பு சாதம், மேலே ஒரு ஸ்பூன் நெய்.