சிவியில் எழுதின ரிசர்ச்: இன்டர்வியூவில் மாட்டின கதைகள்

நெல்லைக்காரி
போன சீசன், அமெரிக்க ரெசிடென்சிக்கு (அங்கே பிஜி பயிற்சி) அப்ளை பண்ணினேன், இன்டர்னல் மெடிசின். ஈராஸில், அதாவது அதற்கான ஆன்லைன் விண்ணப்பத்தில், என் பேப்பருக்குக் கீழே "டேட்டா கலெக்‌ஷன், அனாலிசிஸ்" என்று போட்டிருந்தேன். எல்லோரும் போடுவதுதானே. ஜூமில் இன்டர்வியூ எடுத்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "டேபிள் 2-இல் மட்டும் ஏன் கை-ஸ்கொயர் இல்லாமல் ஃபிஷர்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இரண்டும் புள்ளியியல் டெஸ்ட். அதற்கான எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேரை ஓட்டினது எங்கள் பிஜி அக்கா. "சாம்பிள் சின்னது..." என்று இழுத்தேன். கட்டத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் ஃபிஷர் என்பது ராத்திரி புத்தகத்தைப் புரட்டின பிறகுதான் உறைத்தது.

நான் நிஜமாகச் செய்தது, ரெக்கார்ட் ரூமில் ஆறு வாரம் சணல் பிரித்து 180 கேஸ் ஷீட் படித்தது. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்) எழுதாத ஷீட்டை என்ன செய்தோம் என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். சிவியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தூங்காத ஹவுஸ் சர்ஜன்
"எல்லோரும் போடுவதுதானே"வை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பொய் எழுதவில்லை, ஆனாலும் மாட்டினேன். ஒரே நோயாளியைப் பற்றி ஒரே கேஸ் ரிப்போர்ட். போஸ்டர், அப்ஸ்ட்ராக்ட், பேப்பர் என்று மூன்று வரி. ரெசிடென்சி மேட்ச் நடத்தும் என்ஆர்எம்பி கணக்கிலும் மூன்றும் ஒரே கூடைதான். இன்டர்வியூ எடுத்தவர் பிரின்ட்டில் மூன்றையும் வட்டம் போட்டு கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "மூன்றும் அதே பாட்டியா?" என்றார். ஆமாம் சார் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

காபி டம்ளர்
எனக்கு "சப்மிட்டட்" பேப்பர் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ரிஜெக்ட். அவ்வளவுதான் கதை. ஆனால் ஜூனியர்கள் கவனிக்க: சப்மிட்டட், அக்செப்டட், பப்ளிஷ்ட் மூன்றும் வேறு வேறு. ஆசிரியர் வரிசையைப் பேப்பரில் உள்ளபடியே போடுங்கள், உங்கள் பெயரை முன்னால் நகர்த்தாதீர்கள். ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ் (மாணவர்களுக்கான குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம்) ப்ரொபோசல் செலக்ட் ஆனதை முடித்ததாக எழுதாதீர்கள். ரிப்போர்ட் அப்ரூவ் ஆனால்தான் சர்டிஃபிகேட். ஈராஸில் பத்து அனுபவம்தான் போட முடியும், அதில் மூன்றைப் பற்றித்தான் விரிவாக எழுத இடம். அமெரிக்க லைசென்ஸ் தேர்வான ஸ்டெப் 1 மார்க் இல்லாமல் பாஸ்/ஃபெயில் ஆன 2022-க்கு அப்புறம் எல்லோரும் பேப்பர் பேப்பர் என்று அலைகிறார்கள், அந்த மூன்றை யாரும் யோசித்து எழுதுவதில்லை. அப்புறம் ஃபான்ட்...

நெல்லைக்காரி
அண்ணா, நான் அட்வைஸே கேட்கவில்லையே! இந்தத் தடவை "180 கேஸ் ஷீட், கையால் எடுத்தது" என்று போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை முதல் இன்டர்வியூ.