அவனியாபுரம் வீடும் வரி ரசீதும்

கவிதா: மதுரை அவனியாபுரத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது மாமா. கீழே ஒன்று, மாடியில் ஒன்று. மொத்தம் 1,900 சதுர அடி. 62 லட்சம் சொல்கிறார்கள். வாடகை இரண்டும் சேர்த்து 16,000. வாங்கிப் போடலாமா?

சுந்தர் மாமா: வாடகை இருக்கட்டும். வீட்டு வரி ரசீதைக் கேட்டாயா?

கவிதா: ரசீது, வரி விதிப்பு நகல் இரண்டையும் தரகர் அனுப்பினார். அரையாண்டுக்கு 2,140தான். பாக்கி இல்லை. நம் குழுவில் படம் போட்டிருக்கிறேன்.

சுந்தர் மாமா: நகலைப் பெரிதாக்கிப் பார் கண்ணு. பரப்பு 950 சதுர அடி. மாடியைப் பிற்பாடு கட்டியிருக்கிறார்கள், அதற்கு வரியே போடவில்லை. 2022-ல் வீட்டு வரியை ஏற்றியபோது 600 சதுர அடிக்குள் 25 சதவீதம் கூட்டினார்கள், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. இந்த வீடு 50 சதவீத உயர்விலேயே நின்றுவிட்டது. நாளைக்கு அளந்தால் கூடுதல் உன் தலையில்தான். வரிப் பாக்கி ஆளோடு போகாது, சொத்தோடுதான் வரும்.

செல்வி அத்தை: அப்படியென்றால் ஊராட்சிப் பக்கம் பாரேன், வீட்டு வரி குறைவு.

சுந்தர் மாமா: அவனியாபுரமே 2011 வரை தனி நகராட்சிதானே அக்கா, பிறகு மதுரை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ஊராட்சியும் நாளைக்கு அப்படிச் சேரலாம். வரியை நம்பி ஊர் மாறக் கூடாது.

மீனா சித்தி: வாங்கினால் ரசீதுகளைப் பத்திரமாக வை. வருமான வரியில், வாடகையிலிருந்து அந்த ஆண்டு நீ கட்டிய வீட்டு வரியைக் கழித்த பிறகுதான் மீதியில் 30 சதவீதக் கழிவு. கட்டாமல் வைத்த பாக்கியைக் கழிக்க முடியாது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

சுந்தர் மாமா: இப்போது கணக்கைப் பார். பத்திரச் செலவு 9 சதவீதம், 5.58 லட்சம். ஆக 67.58 லட்சம் போடுகிறாய். ஆண்டு வாடகை 1,92,000. மாடியும் சேர்ந்தால் வரி 9,000 என்று வைத்துக்கொள். மிச்சம் 1,83,000, அதாவது 2.7 சதவீதம். பெயின்ட், மோட்டார் ரிப்பேர் இன்னும் கழிக்கவில்லை. வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டாலே இதைவிடக் கூடுதல் வருமே.

கவிதா: நான் 16,000 ரூபாயை மட்டும்தான் பார்த்தேன் மாமா. மாடிக்கு வரி போட்டு ரசீது காட்டினால்தான் முன்பணம் என்று சொல்லிவிடுகிறேன். விலையையும் குறைத்துக் கேட்கிறேன்.

சுந்தர் மாமா: சனிக்கிழமை காலையில் போகலாம். டேப் எடுத்து வருகிறேன், மாடியை நாமே அளந்துவிடுவோம்.