சவுல் ராஜா எந்த இடத்தில் சரிந்தார்?

கேட்டவர்: வழிப்போக்கன்
விவிலியத்தில் சாமுவேலின் முதல் புத்தகத்தை இந்த முறை இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலுக்காகவே வாசித்தேன். 9-ஆம் அதிகாரத்தில் அப்பாவின் தொலைந்த கழுதைகளைத் தேடிப் போகிற பென்யமீன் கோத்திரத்து வாலிபன். 31-இல் கில்போவா மலையில் தன் பட்டயத்தின் மேலேயே விழுந்து சாகிறார். இடையில் அப்படி என்ன செய்துவிட்டார்? கில்காலில் 7 நாள் காத்திருந்தார், பலி செலுத்த வேண்டிய தீர்க்கதரிசி சாமுவேல் வரவில்லை, தானே பலி செலுத்தினார். அவருக்குப் பின் ராஜாவான தாவீதோ பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைச் சாகடித்தார். அவர் வம்சம் நிலைத்தது, சவுலின் வம்சம் போயிற்று. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சுவடி
காரணம் எளிது. தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்ததும் தாவீது ‘பாவம் செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டார். சவுல் சாக்குச் சொன்னார்.

வழிப்போக்கன்
சவுலும் அதைச் சொன்னாரே? 15-ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரை முழுதும் அழிக்கச் சொன்ன கட்டளையை மீறியதும், இரண்டு தடவை!

மூன்றாம் திண்ணை
நல்ல மடக்கு. ஆனால் அந்த இரண்டு தடவையும் கூடவே என்ன சொல்கிறார் என்று பாருங்கள். முதல் தடவை, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறார். இரண்டாம் தடவை, மூப்பர்களுக்கு முன்னால் என்னைக் கனப்படுத்தும் என்று சாமுவேலிடம் கேட்கிறார். ராஜ்யமே கைவிட்டுப் போகிறது என்று காதில் விழுந்த பிறகும் அவர் கண் கூட்டத்தின் மேல்தான் இருக்கிறது.

அந்தப் பயம் வெறும் கோழைத்தனம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு என்ன இருந்தது? தாவீதுக்குப் பிற்பாடு எருசலேம் கிடைத்ததுபோல ஒரு தலைநகரம் இல்லை. சொந்த ஊரான கிபியாவிலிருந்தே ஆண்டார். இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லை, கலப்பைக் கொழுவைத் தீட்டவும் எதிரிகளான பெலிஸ்தரிடம்தான் போக வேண்டும். போர் நாளில் பட்டயம் வைத்திருந்தது அவரும் மகன் யோனத்தானும் மட்டும். எதிரே ரதங்கள். கூட வந்தவர்கள் குகைகளிலும் குழிகளிலும் போய் ஒளிந்துகொண்டார்கள், எண்ணிப் பார்த்தால் மிச்சம் 600 பேர். அந்த இடத்தில் நானாக இருந்தால் ஆறாம் நாளே பலிபீடத்தில் தீ மூட்டியிருப்பேன்.

அவரை ராஜாவாக நிலைநிறுத்தியதே கூட்டம்தான். அம்மோனியனான நாகாஸ், யாபேஸ் ஊராரின் வலது கண்களைப் பிடுங்குவேன் என்று மிரட்டியபோது, சவுல் ஒரு ஏர் மாட்டை வெட்டித் துண்டுகளை நாடெங்கும் அனுப்பி ஆள் திரட்டினார், ஜெயித்தார். அன்றைக்கு ஒரு காரியம் செய்தார் பாருங்கள். ‘இவனா நம்மைக் காப்பாற்றுவான்’ என்று முன்பு இகழ்ந்தவர்களைக் கொன்றுபோட ஜனங்கள் துடித்தார்கள். இன்று ஒருவனும் சாகக் கூடாது என்று தடுத்தவர் சவுல்தான்.

அதே ஆள் 22-ஆம் அதிகாரத்தில் ஈட்டியும் கையுமாக மரத்தடியில் உட்கார்ந்து, ஈசாயின் மகன் (தாவீதைத்தான் சொல்கிறார்) உங்களுக்கு வயலும் திராட்சத்தோட்டமும் தருவானோ என்று சொந்தக் கோத்திரத்தாரிடமே பொருமுகிறார். அப்புறம், தாவீதுக்கு அப்பம் கொடுத்த ஆசாரியர் அகிமெலேக்கும் அவர் வீட்டாரும் சாக வேண்டும் என்கிறார். சேவகர்கள் கை ஓங்க மறுத்துவிட்டார்கள். ஏதோமியனான தோவேக்குதான் அந்த வேலையைச் செய்தான். ஆசாரியர்கள் 85 பேர். பிறகு நோபு ஊரே பலியானது: ஆண், பெண், குழந்தை, மாடு, கழுதை, ஆடு வரைக்கும். 15-இல் அமலேக்குக்கு விதித்த பட்டியலும் ஏறக்குறைய இதுதான்! அமலேக்கு ராஜா ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டவர், சொந்த ஆசாரியர்களின் ஊரில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

என்னைக் கேட்டால் சரிவு கில்காலில் இல்லை, நோபுவில்தான். கில்காலை மட்டும் வைத்துக்கொண்டு தாவீதோடு தராசில் நிறுத்தினால் கணக்கு ஒருநாளும் நேராகாது.

மண்மேடு
ஒன்று சேர்க்கிறேன். இந்தக் கதை தாவீதின் வம்சத்துக்குச் சாதகமாக எழுதப்பட்டது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சவுலின் காலம் கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் கடைசி என்று வைக்கிறார்கள். ஆனால் விவிலியத்துக்கு வெளியே அந்தக் காலத்துக் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் இல்லை. ‘தாவீதின் வீடு’ என்பதோ 1993-இல் வடக்கு இஸ்ரேலில் உள்ள தெல் தானில் கிடைத்த கல்வெட்டில் வருகிறது. எருசலேமுக்கு வடக்கே தெல் எல்-ஃபூல் மேட்டைத் தொல்லியலாளர் ஆல்பிரைட் 1922-இல் தோண்டி, சவுலின் கிபியா இதுதான் என்றார். அதையும் இப்போது எல்லோரும் ஏற்பதில்லை.

மூன்றாம் திண்ணை
சரி, ஆனால் தாவீதின் பக்கம் எழுதியவர் சவுலுக்கு யாபேஸை ஏன் விட்டுவைத்தார்? பெத்சான் மதிலில் பெலிஸ்தர் தொங்கவிட்ட சவுலின் உடலையும் மகன்களின் உடல்களையும் மீட்டு வர, யாபேஸ் ஆட்கள் இரவெல்லாம் நடந்து போனார்கள். அந்த ஊர் நன்றியை மறக்கவில்லை. தாவீதோ அப்போது பெலிஸ்த ராஜா ஆகீஸிடம் அண்டியிருந்தார். இதையும் மறைக்காமல்தான் எழுதியிருக்கிறார்கள்.

வழிப்போக்கன்
15-ஐயும் 22-ஐயும் சேர்த்து வாசித்தேன். பட்டியல் விஷயம் என் கண்ணிலேயே பட்டதில்லை. அப்படியானால் இரண்டாம் புத்தகத்தில் கிபியோன் ஊராரான கிபியோனியருக்காகச் சவுலின் வம்சத்தில் 7 பேரைத் தூக்கிலிடத் தாவீது ஒப்புக்கொடுத்தது?

மண்மேடு
அது 21-ஆம் அதிகாரம். சவுல் கிபியோனியரைக் கொன்றதால் பஞ்சம் என்று அங்கே காரணம் வருகிறது. அந்தக் கொலை முதல் புத்தகத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. பஞ்சம் தீர்ந்ததோடு, சிம்மாசனத்துக்கு உரிமை கேட்கக்கூடிய ஏழு பேரும் போனார்கள். யோனத்தானின் மகன் மேவிபோசேத்தை மட்டும் தாவீது தப்பவிட்டார். என் சந்தேகமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.