புதிய தரவுத்தளத்தில் பைத்தான் மொழி இல்லை – அவசர உதவி தேவை

நள்ளிரவு_நிரலர்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில், தரவுத்தளத்துக்குள்ளேயே நிரல் எழுதப் பைத்தான் மொழியைச் சேர்த்துவிட்டேன். ஆனாலும் புதிதாக உருவாக்கும் எந்தத் தரவுத்தளத்திலும் மொழி இல்லை என்றே பிழை வருகிறது. காலைக்குள் பன்னிரண்டு கிளைகளுக்குத் தரவுத்தளம் தயாராக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

வைகை: எந்தப் பதிப்பு? எந்த இயங்குதளம்? எந்தத் தரவுத்தளத்தில் சேர்த்தீர்கள்? பிழைச் செய்தியை அப்படியே ஒட்டுங்கள்.

தென்றல்: பைத்தானுக்கான தனிப் பொதியை நிறுவியிருக்க மாட்டீர்கள். எனக்கு இரண்டு முறை நேர்ந்தது இதுதான்.

வைகை: பொதி இல்லையென்றால் சேர்க்கும்போதே 'கன்ட்ரோல் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று நின்றிருக்குமே.

பழைய_கை: கையேட்டின் ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மொழியை ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியாகத்தான் சேர்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல்மொழியான பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லையே நாங்கள் அப்படித்தான் 'கிரியேட்லாங்' கட்டளை கொடுத்துச் சேர்த்துவந்தோம். 2010இல் போஸ்ட்கிரெஸ் 9.0 பதிப்பு வந்த பிறகுதான் அது இயல்பாகவே கிடைத்தது. மற்ற மொழிகளுக்கு இன்றும் அந்தச் சலுகை இல்லை.

நள்ளிரவு_நிரலர்: பதிப்பு 16, உபுண்டு. மென்பொருளோடு வரும் 'போஸ்ட்கிரெஸ்' என்ற தரவுத்தளத்தில் சேர்த்தேன்.

வைகை: அங்கேதான் தவறியிருக்கிறது. வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் புதிய தரவுத்தளம் 'டெம்ப்ளேட்1' என்ற வார்ப்புத் தரவுத்தளத்தின் நகலாகவே பிறக்கும். அதில் நுழைந்து 'கிரியேட் எக்ஸ்டென்ஷன் பிஎல்பைத்தான்3யு' கொடுங்கள். ஏற்கெனவே உருவாக்கியவற்றுக்கு இது போய்ச் சேராது. அவற்றில் தனியாகச் சேர்க்க வேண்டும். மாற்றம் செய்யாத மூல வார்ப்பான 'டெம்ப்ளேட்0'இலிருந்து உருவாக்கினாலும் வராது.

தென்றல்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்! கடைசியில் உள்ள 'யு' நம்பகமற்ற மொழி என்பதைக் குறிக்கிறது. அதில் எழுதும் செயற்கூறு (ஃபங்ஷன்) சேவையகத்தின் கோப்புகளையே தொட முடியும்.

வைகை: அந்த மொழியில் செயற்கூறு எழுத, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசரால்தான் முடியும். மொழி இருப்பதாலேயே கதவு திறந்துவிடாது.

தென்றல்: எழுதுவதற்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. எழுதிய செயற்கூறை அழைக்கும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் போகிறது. அதை யார் நினைவு வைத்துப் பறிக்கிறார்கள்?

பழைய_கை: உரிமைகளைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். அவர் கேட்டது அதுவல்ல.

தென்றல்: பன்னிரண்டு கிளைகளின் தரவு ஐயா. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

நள்ளிரவு_நிரலர்: மொழியைச் சேர்த்துவிட்டேன். இப்போது தரவுத்தளமே உருவாகவில்லை! 'டெம்ப்ளேட்1ஐ வேறு பயனர்கள் அணுகிக்கொண்டிருக்கிறார்கள்' என்கிறது.

வைகை: மொழியைச் சேர்த்த முனையச் சாளரம் இன்னும் திறந்திருக்கிறதா? அந்த இணைப்புதான் தடுக்கிறது. அதிலிருந்து வெளியேறிவிட்டு முயலுங்கள்.

நள்ளிரவு_நிரலர்: வெளியேறினேன், உருவாகிவிட்டது. நன்றி. மீதம் பதினொன்று இருக்கிறது.